தேத்தண்ணிக் கோப்பையில் ஓர் உயிர் இரசாயனவியல் பாடம்

(உயர்தர உயிரியல் பிரிவு மாணவி, நல்லதண்ணி)



நல்லதண்ணி என்றதும் உங்களில் பலருக்குச் சிவனொளிபாதமலை நினைவுக்கு வரும். நாம் பாவா ஆதம் மலை என்று சொல்லும் அந்த 2,243 மீற்றர் உயர மலையின் அடிவாரத்தில்தான் எங்கள் ஊர் இருக்கிறது. டிசம்பர் போயா தொடக்கம் வெசாக் போயா வரை சீசன். அந்த மாதங்களில் கடைத்தெரு இரவு பகலாக விழித்திருக்கும். மற்ற மாதங்களில் மழை, மூடுபனி, தேயிலை. சீசனில் வாப்பாவின் கடையில் கம்பளித் தொப்பியும் கையுறையும் விற்போம். மற்றக் காலத்தில் தோட்டத்து மக்களுக்கு மாவும் சீனியும் தேயிலைத் தூளும் விற்போம். ஆம், கொழுந்து பறிக்கும் கைகளுக்கே தேயிலைத் தூளை விற்கிறோம்.

சென்ற வருடம் பாடசாலையில் நடந்த மருத்துவப் பரிசோதனையில் எனது ஈமோகுளோபின் அளவு 9.8 என்று வந்தது. கர்ப்பமில்லாத பெண்களுக்கு இது 100 மில்லிலீற்றர் குருதிக்கு 12 கிராமாவது இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவுகோல். எனக்குக் குருதிச்சோகை என்று சொல்லி இரும்பு மாத்திரை தந்தார்கள். படி ஏறும்போது மூச்சு வாங்கியதும், இரவில் இரசாயனவியல் கணக்குச் செய்யும்போது எழுத்து மங்கியதும் சோம்பல் அல்ல என்று அன்றுதான் விளங்கியது.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தபோது கடைக்கு ஒரு அக்கா வந்திருந்தார். மேல் லயத்தில் இருப்பவர், ஆறு மாதக் கர்ப்பிணி. கிளினிக்கில் அவருக்கும் அதே மாத்திரையைக் கொடுத்திருந்தார்கள்.

“எப்படிக் குடிக்கிறீங்க அக்கா?” என்று கேட்டேன்.

“வெறும் தண்ணியில குடிச்சா குமட்டுது பாப்பா. தேத்தண்ணியோட குடிச்சா எறங்கிருது.”

“தேத்தண்ணியோட குடிக்க வேணாம் என்று கிளினிக்கில் சொல்லவில்லையா?”

“மிட்வைப் மிஸ் சொன்னாங்கதான். ஏன்னு சொல்லலையே.”

எனக்கும் ஏன் என்று தெரியவில்லை. நானும் விடுதியில் காலைத் தேத்தண்ணியோடுதான் மாத்திரையை விழுங்கிக் கொண்டிருந்தேன். அந்த ‘ஏன்’ என்ற ஒரு சொல்லில் இருந்து நான் படித்தவையே இக்கட்டுரை.

1. இரும்பு உடலுக்குள் போகும் வழி

திருக்குர்ஆனின் 57ஆவது அத்தியாயத்தின் பெயர் அல்-ஹதீத், அதாவது இரும்பு. வாளுக்கும் கலப்பைக்கும் உரிய அந்த உலோகம் நமது குருதியிலும் இருக்கிறது. வளர்ந்த ஒருவரின் உடலில் உள்ள இரும்பு மொத்தம் 3 தொடக்கம் 4 கிராம்தான். அதில் மூன்றில் இரண்டு பங்கு அளவு ஈமோகுளோபினில் இருக்கிறது. ஓர் ஈமோகுளோபின் மூலக்கூறில் நான்கு ஈம் கூட்டங்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் இரும்பு அயன். நுரையீரலில் ஒட்சிசனைப் பிடித்து இழையங்களில் விடுவது அந்த இரும்புதான். இரும்பு குறைந்தால் என்பு மச்சையில் ஈமோகுளோபின் உருவாவது குறையும். மலையில் கூடை சுமந்து ஏறும் பெண்ணுக்கும் பரீட்சைக்குப் படிக்கும் மாணவிக்கும் களைப்பு ஒரே காரணத்தால் வரலாம்.

உணவில் இரும்பு இரண்டு வகையாகக் கிடைக்கிறது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள ஈம் இரும்பு ஒரு வகை. இதை உடல் இலகுவாக எடுத்துக்கொள்ளும். தானியம், பருப்பு, கீரை ஆகியவற்றில் உள்ள ஈம் அல்லாத இரும்பு மற்றது. ரொட்டியும் பருப்பும் கீரையும் பிரதான உணவாக உள்ள வீடுகளில் வருவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகையே. மாத்திரையில் உள்ள இரும்பும் ஈம் அல்லாததுதான்.

ஈம் அல்லாத இரும்பு முன்சிறுகுடலில் அகத்துறிஞ்சப்படுகிறது. அங்குள்ள கலங்களின் மென்சவ்வில் ஒரு காவிப் புரதம் வாசல் போல நிற்கிறது. அது உள்ளே எடுப்பது இரண்டாம் வலுவளவில் உள்ள இரும்பை, அதாவது பெரசு அயனை. மூன்றாம் வலுவளவில் உள்ள பெரிக்கு அயன் முதலில் தாழ்த்தப்பட வேண்டும். விற்றமின் சி உதவி செய்வது இந்த இடத்தில்தான். வாசலுக்கு வருமுன் இரும்பை வேறொன்று இறுக்கமாகப் பிடித்துக்கொண்டால் அது உள்ளே போகாது, கழிவோடு போய்விடும். தேத்தண்ணியில் அப்படிப் பிடிக்கும் பொருள் எது?

2. கொழுந்தில் இருந்து சாயம் வரை

இரண்டு இலையும் ஒரு மொட்டும் உள்ள இளங்கொழுந்தில் கட்டகின்கள் என்ற பொலிபீனோல்கள் நிறைய உள்ளன. இவை கலத்தின் புன்வெற்றிடத்தில் இருக்கும். பொலிபீனோல் ஒட்சியேற்றும் நொதியம் அதே கலத்தில் வேறு அறையில், பச்சையவுருமணியில் இருக்கும். செடியில் இலை முழுதாக இருக்கும் வரை இரண்டும் சந்திப்பதில்லை.

தொழிற்சாலையில் கொழுந்தை முதலில் வாட்டுகிறார்கள். பிறகு உருட்டும் இயந்திரத்தில் போடுகிறார்கள். கலங்கள் உடைகின்றன, நொதியமும் கட்டகினும் கலக்கின்றன, காற்றில் உள்ள ஒட்சிசன் வந்து சேருகிறது. பச்சை இலை செம்பு நிறமாகிறது. ‘நொதிக்க வைத்தல்’ என்று சொன்னாலும் இங்கு பக்டீரியாவுக்கோ மதுவத்துக்கோ வேலை இல்லை. இலையின் சொந்த நொதியம்தான் வேலை செய்கிறது. அந்த நொதியத்தின் தாக்க மையத்தில் செம்பு அயன் உள்ளது. கடைசியில் வெப்பக் காற்றில் காயவைக்கும்போது நொதியத்தின் புரதம் இயல்பழிந்து தாக்கம் நின்றுவிடுகிறது. நாம் பாடப்புத்தகத்தில் படிக்கும் நொதியத்தின் இயல்பழிவு எங்கள் ஊர்த் தொழிற்சாலைகளில் அன்றாடம் நடக்கிறது.

கட்டகின்கள் இப்படி ஒட்சியேறிச் சேர்வதால் உண்டாகும் பொருள்களை 1950களில் ஆராய்ந்தவர் ஈ. ஏ. எச். ரொபர்ட்ஸ். தியாஃபிளவின், தியாரூபிஜின் என்ற பெயர்கள் அவரது ஆய்வுகள் மூலம் வழக்குக்கு வந்தவை. தேத்தண்ணியின் பளபளக்கும் செம்மஞ்சள் நிறத்துக்கு முதலாவதும், அடர்ந்த கபில நிறத்துக்கு இரண்டாவதும் காரணம்.

நமது நாட்டிலும் இத்துறையில் வேலை நடந்திருக்கிறது, நடக்கிறது. தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் 1925இல் தொடங்கப்பட்டது. இன்று அது தலவாக்கலையில் சென் கூம்ப்ஸ் தோட்டத்தில் இருக்கிறது. அங்கு உயிர் இரசாயனவியலுக்கு எனத் தனிப் பிரிவு உண்டு. 1960களில் அங்கு பணியாற்றிய ஜி. டபிள்யூ. சாண்டர்சன், பறித்த கொழுந்தை வைத்திருக்கும்போது மேற்சொன்ன நொதியத்தின் தொழிற்பாடு எப்படி மாறுகிறது என்று அளந்து 1964இல் கட்டுரை எழுதினார். நாம் சும்மா வாட வைக்கிறார்கள் என்று நினைக்கும் கொழுந்தை ஒருவர் மணித்தியாலக் கணக்கில் அளந்திருக்கிறார்! தலவாக்கலையைக் கடந்து பஸ்ஸில் போகும் நாம் அந்தப் பெயர்ப் பலகையைப் பார்த்ததோடு சரி.

பொலிபீனோல்களின் வளையத்தில் ஐதரொட்சில் கூட்டங்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. இரண்டு விரலால் ஒரு மணியைப் பிடிப்பது போல இவை பெரிக்கு அயனைப் பிடித்துக்கொள்கின்றன. குறிப்பாகக் கலோயில் கூட்டம் உள்ளவை இரும்பின் அகத்துறிஞ்சலை அதிகம் தடுக்கின்றன என்று சுவீடனில் ஹால்பேர்க் என்பவரின் ஆய்வுக் குழு 1989இல் காட்டியது. ஆகவே, தேத்தண்ணிக்குச் சாயமும் உறைப்பும் தருகிற அதே குடும்பத்துப் பொருள்கள்தான் இரும்பையும் பிடிக்கின்றன.

3. நான்கு கிளாஸ்களும் ஒரு மாத்திரையும்

படித்ததைக் கண்ணால் பார்க்க ஆசைப்பட்டேன். உம்மாவிடம் நான்கு கண்ணாடிக் கிளாஸ்கள் வாங்கினேன். ஓர் இரும்பு மாத்திரையின் மேற்பூச்சைக் கழுவி நீக்கி, மீதியைப் பொடியாக்கி நீரில் கரைத்தேன்.

முதலாவது கிளாஸில் நீரும் இரும்புக் கரைசலும். இரண்டாவதில் பால் சேர்க்காத தேத்தண்ணி மட்டும். மூன்றாவதில் தேத்தண்ணியும் இரும்புக் கரைசலும். நான்காவதில் தேத்தண்ணி, இரும்புக் கரைசல், அரைத் தேசிக்காயின் சாறு.

முதல் இரண்டும் ஏறத்தாழ இருந்தபடியே இருந்தன. மூன்றாவது கறுக்கத் தொடங்கியது. நேரம் போகப் போக இன்னும் கறுத்தது. காரணம், பெரசு அயன் காற்றில் ஒட்சியேறிப் பெரிக்கு ஆகிறது, பெரிக்கு பொலிபீனோலோடு சேர்ந்து கருநிறச் சிக்கற் சேர்வையாகிறது. நான்காவது கறுக்கவில்லை, இளங்கபிலமாகவே இருந்தது. முதல் இரண்டு கிளாஸ்கள் எதற்கு என்று தங்கை கேட்டாள். அவை இல்லாவிட்டால் கறுத்தது தேத்தண்ணியாலா, மாத்திரையாலா, இரண்டும் சேர்ந்ததாலா என்று சொல்ல முடியாது. இதைத்தான் கட்டுப்பாட்டுப் பரிசோதனை என்கிறோம்.

(சகோதரிகளே, இதைச் செய்து பார்ப்பதென்றால் ஒரு மாத்திரை போதும். கிளாஸில் உள்ளதைக் குடிக்க வேண்டாம். இரும்பு மாத்திரைகளைச் சிறு பிள்ளைகள் அளவு மீறி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. மறக்காமல் மூடி மேலே வைத்துவிடுங்கள்.)

மூன்றாவது கிளாஸை எட்டிப் பார்த்த உம்மம்மா, “இது மை மாதிரி ஈக்குதே” என்றார். அவர் சொன்னது முற்றிலும் சரி. அன்னபேதி என்று நாட்டு மருந்துக் கடையில் விற்பது பெரசு சல்பேற்று. அதைக் கடுக்காய்ச் சாற்றோடு சேர்த்து மை செய்வது தமிழர்களின் பழைய வழக்கம். அரபு நாட்டு எழுத்தர்கள் மாசிக்காயையும் அதே உப்பையும் சேர்த்து மை செய்தார்கள். 11ஆம் நூற்றாண்டில் வட ஆபிரிக்காவில் ஆட்சி செய்த முஇஸ் இப்னு பாதிஸின் பெயரில் வழங்கும் நூலொன்று இத்தகைய மைகளின் செய்முறையைக் கூறுகிறது. கடுக்காயிலும் மாசிக்காயிலும் தேயிலையிலும் இருப்பவை ஒரே வகையான பொருள்கள். நமது முன்னோர் ஏடுகளைப் பிரதி செய்த மையை நானும் அக்காவும் மாத்திரையும் தேத்தண்ணியுமாக வயிற்றுக்குள் செய்துகொண்டிருந்தோம்!

4. நான் விட்ட பிழை

நான்காவது கிளாஸைப் பார்த்து எனக்குப் பெரிய சந்தோஷம். அடுத்த நாளே அக்காவிடம், “தேத்தண்ணி இல்லாம முடியாது என்றால் தேசிக்காய் பிழிஞ்சு குடிங்க, அப்ப மாத்திரை வீணாகாது” என்று சொன்னேன். அவரும் சரி என்றார். எனது முதலாவது கண்டுபிடிப்பு என்ற பெருமையோடு விடுதிக்குத் திரும்பினேன்.

எமது இரசாயனவியல் ஆசிரியை நான் சொன்னதைக் கேட்டுவிட்டுச் சிரித்தார். “கிளாஸ் வேறு, குடல் வேறு” என்றார். ஒரு வாரத்தின் பின் ஓர் ஆய்வுக் கட்டுரையின் சுருக்கத்தை அச்சிட்டுக் கொண்டு வந்து தந்தார். 1975இல் டிஸ்லர், லிஞ்ச், பொத்வெல், மாயெத் முதலானோர் ‘கட்’ என்ற மருத்துவ இதழில் எழுதியது. தென்னாபிரிக்காவில் வாழும் இந்திய வம்சாவளிப் பெண்களிடம் செய்த ஆய்வு அது. எங்கள் தோட்டத்து மக்களின் மூதாதையரைப் போலவே தோட்டவேலைக்காகக் கடல் கடந்து போனவர்களின் வழிவந்தவர்கள் அங்கு பலர் உள்ளனர். சோறும் ரொட்டியும் தேத்தண்ணியும் அங்கும் உண்டு. அதனால் அந்தத் தாள் எங்கள் ஊரைப் பற்றியது போலவே எனக்குத் தோன்றியது.

உடல் எவ்வளவு இரும்பை எடுத்தது என்று எப்படி அளப்பது? இரும்பின் இரண்டு கதிர்த்தொழிற்பாட்டுச் சமதானிகளை மிகச் சிறிய அளவில் பயன்படுத்துவார்கள். ஒரு வேளை உணவில் ஒன்று, மற்றொரு வேளை உணவில் மற்றது. இரண்டு வாரம் அளவில் அகத்துறிஞ்சப்பட்ட இரும்பு புதிய செங்குருதிக் கலங்களில் போய்ச் சேர்ந்துவிடும். அப்போது குருதி எடுத்து ஒவ்வொரு சமதானியும் எவ்வளவு உள்ளது என்று பார்ப்பார்கள். ஒரே பெண்ணின் உடலில் இரண்டு உணவையும் ஒப்பிட முடிகிறது. இந்த முறையைப் படித்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

அவர்கள் கண்டது இதுதான். இரும்பு உப்புக் கரைசல், ரொட்டி, சோற்று உணவு ஆகியவற்றில் உள்ள இரும்பின் அகத்துறிஞ்சலைத் தேத்தண்ணி குறைத்தது. விற்றமின் சி சேர்த்தபோதும் அந்தத் தடை இருந்தது.

அதாவது, எனது நான்காவது கிளாஸ் காட்டியதை உடல் காட்டவில்லை. தேசிக்காயின் அமிலம் கிளாஸில் நிறத்தைக் குறைத்தது உண்மை. ஆனால் குடலில் அமிலத்தன்மை மாறுகிறது, உணவு கலக்கிறது, சுரப்புகள் சேருகின்றன. நிறத்தைப் பார்த்து நான் எடுத்த முடிவு பிழை.

அன்று மாலையே விடுதித் தொலைபேசியில் வாப்பாவின் கடைக்கு அழைத்தேன்.

“வாப்பா, மேல் லயத்து அக்கா வந்தா, தேசிக்காய் போட்டாலும் தேத்தண்ணியோட மாத்திரை குடிக்க வேணாம் என்டு செல்லுங்க.”

“போன மாசம் குடிக்கலாம் என்டு சென்னீங்க மகள். இப்ப வேணாம் என்கிறீங்க. நான் எப்பிடிச் செல்ற?”

“நான் பிழையாச் சென்னேன் என்டே செல்லுங்க வாப்பா.”

வாப்பா அப்படியே சொல்லியிருக்கிறார். “பாப்பாவே பிழைன்னு சொல்லிச்சுன்னா, அப்ப இது சரியாத்தான் இருக்கும்” என்றாராம் அக்கா. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் மூன்று வார மாத்திரைகள் எனது அவசரத்தால் பாதி வீணாகியிருக்கலாம். அளக்காமல் ஆலோசனை சொல்லக் கூடாது என்ற பாடத்தை எந்தப் புத்தகமும் எனக்கு இவ்வளவு ஆழமாகக் கற்பிக்கவில்லை.

5. அப்படியென்றால் தேத்தண்ணியை விட வேண்டுமா?

தேவையில்லை. எப்போது குடிக்கிறோம் என்பதே முக்கியம். 1983இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இறைச்சி அடங்கிய ஒரு வேளை உணவோடு குடித்த கோப்பி இரும்பு அகத்துறிஞ்சலை 39% குறைத்தது, தேத்தண்ணி 64% குறைத்தது. 2017இல் பிரித்தானியாவில் சல்மா அஹ்மத் ஃபூஸி என்ற ஆய்வாளரும் அவரது குழுவினரும், உணவோடு உடனே தேத்தண்ணி குடிப்பதையும் ஒரு மணித்தியாலம் கழித்துக் குடிப்பதையும் பெண்களிடம் ஒப்பிட்டனர். ஒரு மணித்தியாலம் தள்ளிக் குடித்தபோது தடை தெளிவாகக் குறைந்தது.

அக்காவோடு பேசி ஒரு நேர அட்டவணை போட்டோம். விடியற்காலைத் தேத்தண்ணியும் பத்து மணித் தேத்தண்ணியும் அப்படியே. பகல் ரொட்டியோடு தண்ணீர், தேத்தண்ணி பிறகு. மாத்திரை இரவில் படுக்கப் போகும்போது தண்ணீரோடு. படுத்துவிட்டால் குமட்டலும் பெரிதாகத் தெரியவில்லை என்றார். கிளினிக்கில் தரும் கல்சியம் மாத்திரையும் இரும்பின் அகத்துறிஞ்சலைக் குறைக்கும் என்பதால் அதை வேறு நேரத்துக்கு மாற்றினார்.

மூன்று மாதத்தின் பின் எனது அளவு 11.7. அக்காவுக்கும் கூடியிருந்தது. இப்போது அவரது மகன் கடை வாங்கில் பிடித்துக்கொண்டு நிற்கிறான். இதைத் தேத்தண்ணியின் நேரத்தை மாற்றியதால்தான் நடந்தது என்று நான் எழுத மாட்டேன். மாத்திரையைத் தவறாமல் குடித்ததாலும் இருக்கலாம். இருவரை வைத்து, ஒப்பிட ஆளில்லாமல் செய்தது ஆய்வு ஆகாது. மேலும், மலையகத்தில் குருதிச்சோகைக்குத் தேத்தண்ணி ஒன்றே காரணமும் அல்ல. இறைச்சி, மீன் வாங்கப் போதாத சம்பளம், கொளுக்கிப்புழு, அடுத்தடுத்த பிரசவம் எனப் பல காரணங்கள் உண்டு. “தேத்தண்ணியை நிறுத்து” என்று குளிரில் நிற்கும் ஒரு பெண்ணிடம் சொல்வது இலகு. அவளுக்குச் சூடாகக் கிடைக்கும் ஒரே பானம் அதுதான் என்பதையும் சேர்த்துத்தான் நாம் சிந்திக்க வேண்டும்.

6. பல்கலைக்கழகத் துறையில் என்ன செய்கிறார்கள்?

உயிரியல் பிரிவு என்றாலே மருத்துவம், அது கிடைக்காவிட்டால் எல்லாம் வீண் என்ற எண்ணம் நம்மிடையே இருக்கிறது. எனக்கும் இருந்தது. உயிர் இரசாயனவியல் என்ற வழி இருப்பதே பலருக்குத் தெரியாது.

உயிர்க் கலங்களுக்குள் நடக்கும் இரசாயனத் தாக்கங்களைப் படிப்பதே உயிர் இரசாயனவியல். மருத்துவ பீடங்களில் இது ஒரு துறையாக இருக்கிறது, முதல் வருட மருத்துவ மாணவர்கள் அங்கு கற்கிறார்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தில் உயிர் இரசாயனவியலும் மூலக்கூற்று உயிரியலும் ஒரு பட்டப்படிப்பாகவே உண்டு. அதே பல்கலைக்கழகத்தில் பட்டப்பின் படிப்புக்கும் ஆய்வுக்கும் உயிர் இரசாயனவியல், மூலக்கூற்று உயிரியல், உயிர்த் தொழினுட்பவியல் நிறுவகம் இருக்கிறது. உயர்தரத்தில் நாம் படிக்கும் உயிரியலும் இரசாயனவியலும்தான் இதற்கு அத்திவாரம். புரதம், காபோவைதரேற்று, இலிப்பிட்டு, நியூக்கிளிக்கமிலம், நொதிய இயக்கம், அனுசேபம் ஆகியவை தொடக்கப் பாடங்கள். ஆய்வுகூடத்தில் கரைசல்களைத் துல்லியமாக அளத்தல், மையநீக்கியால் கலப் பகுதிகளைப் பிரித்தல், நிறமாலை ஒளிமானியால் நிறத்தின் செறிவை எண்ணாக்குதல், மின்புலத்தில் புரதங்களைப் பிரித்தல் ஆகியவற்றைக் கைப்படச் செய்வார்கள். எனது மூன்றாவது கிளாஸ் ‘கறுத்தது’ என்று நான் எழுதினேன். அங்கு படிக்கும் ஒரு மாணவி எந்த அலைநீளத்தில் எவ்வளவு கறுத்தது என்று எழுதுவாள்.

அங்கு ஓர் ஆய்வு எப்படி வளர்கிறது என்பதற்கு ஓர் உதாரணம். நீரிழிவுக்குப் பாகற்காய் நல்லது என்று நமது வீடுகளில் சொல்வார்கள். கொழும்பு மருத்துவ பீடத்தின் உயிர் இரசாயனவியல் துறையைச் சேர்ந்த வெலிஹிந்த, கருணாநாயக்க ஆகியோர் ஷெரிப், ஜயசிங்க ஆகியோருடன் சேர்ந்து இதைச் சோதித்து 1986இல் வெளியிட்டனர். நீரிழிவு நோயாளிகளுக்குப் பாகற்காய்ச் சாறு கொடுத்து, அவர்களது உடல் குளுக்கோசைக் கையாளும் திறனை அளந்தார்கள். 73% பேரிடம் முன்னேற்றம் தெரிந்தது, 27% பேரிடம் தெரியவில்லை. அந்த 27% ஐயும் மறைக்காமல் எழுதியதைப் பாருங்கள்! பாட்டி சொன்னதை அப்படியே நம்பவும் இல்லை, மூடநம்பிக்கை என்று ஒதுக்கவும் இல்லை. அளந்து பார்த்தார்கள். (இதைப் படித்துவிட்டு யாரும் வைத்தியர் தந்த மருந்தை நிறுத்திவிட வேண்டாம்.)

நல்லதண்ணியில் இருந்து பார்த்தால் எனக்குக் கேள்விகள் நிறையத் தெரிகின்றன. தோட்டத்து வீடுகளில் கொதிக்க வைக்கும் கடும் சாயத்தில் பொலிபீனோல் எவ்வளவு? பால் மா சேர்த்தால் இரும்பைப் பிடிக்கும் திறன் மாறுமா? ரொட்டி மாவோடும் கறித்தூளோடும் இரும்பைச் சேர்த்தால், சாயத் தேத்தண்ணி குடிக்கும் பெண்ணின் உடலுக்கு எவ்வளவு போகும்? தென்னாபிரிக்காவில் அதே இந்திய வம்சாவளி மக்களிடையே கறித்தூளில் இரும்புச் சேர்வையைக் கலந்து பரிசோதித்து 1989இல் முடிவுகளை வெளியிட்டிருக்கிறார்கள். இங்குள்ள கேள்விகளை இங்கு வாழ்பவர்களே கேட்டால்தான், பத்து மணித் தேத்தண்ணியும் பகல் ரொட்டியும் கணக்கில் வரும்.

நினைவில் வைக்க

– இரும்பு மாத்திரையைத் தண்ணீரோடு குடியுங்கள். தேத்தண்ணி, கோப்பி, கல்சியம் மாத்திரை ஆகியவற்றோடு சேர்க்க வேண்டாம்.
– சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுங்கள்.
– கீரை, பருப்போடு தேசிக்காய், கொய்யா, நெல்லி போன்ற விற்றமின் சி உள்ளவற்றைச் சேருங்கள். ஆனால் தேசிக்காய் தேத்தண்ணியின் தடையை நீக்கிவிடும் என்று எண்ண வேண்டாம். நான் எண்ணிப் பிழைத்தேன்.
– களைப்பைச் சோம்பல் என்று ஒதுக்காமல் குருதியைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். மாத்திரையின் அளவை வைத்தியர் தீர்மானிக்கட்டும்.
– யாருக்காவது இதைச் சொல்லும்போது ‘ஏன்’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்த வருடம் பல்கலைக்கழக விண்ணப்பப் படிவம் வரும். அதில் உயிர் இரசாயனவியலை நான் முன்னால் எழுதப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டேன். “அது என்ன படிப்பு மகள்?” என்று வாப்பா கேட்டார். கடை மேசையில் இருந்த அவரது தேத்தண்ணியைக் காட்டி, “இதுக்குள்ள என்ன நடக்குது என்டு பார்க்கிற படிப்பு” என்றேன். வாப்பா கோப்பையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, “அப்ப நல்லாப் படிங்க. படிச்சிட்டு இங்கயே வந்து பாருங்க” என்றார்.

இன்ஷா அல்லாஹ், வருவேன்.